செமிகண்டக்டர் கருவிப் பங்குகள் இன்னும் விழும் என்கிறாரே, விற்றுவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். சந்தை பற்றி யூடியூபில் பேசும் ஒருவர், சிப் செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கும் கம்பெனிகளின் பங்குகள் இங்கிருந்து இன்னும் 40% இறங்கும் என்று மூன்று வீடியோவாகச் சொல்லி வருகிறார். உங்கள் கையில் லாம் ரிசர்ச், அப்ளைடு மெட்டீரியல்ஸ், கொஞ்சம் ஏஎஸ்எம்எல் இருக்கிறது, சேமிப்பில் பாதிக்கு மேல் இதில்தான். இரண்டு வருடத்தில் மகளின் கல்லூரிச் செலவு வேறு வருகிறது. "போன தடவை அவர் சொன்னது அப்படியே நடந்தது, இப்போது விற்றுவிட்டு அடியில் வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்கிறீர்கள்.

நான் முதலீட்டு ஆலோசகன் இல்லை. சிங்கப்பூரில் வேஃபர் ஃபேப்களில், அதாவது சிப் செய்யும் ஆலைகளில், இந்த இயந்திரங்களை நிறுவுவதும் பராமரிப்பதுமாகப் பதினோரு வருடம் ஓட்டியவன். இந்தப் பங்குகளில் சம்பாதித்தும் இருக்கிறேன், முட்டாள்தனமாக விட்டும் இருக்கிறேன். விட்ட கதையைப் பின்னால் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அதுதான் அதிகம் உதவும்.

"போன தடவை சொன்னது நடந்தது" என்பதை முதலில் பார்ப்போம். லாம் பங்கு 2018இல் மார்ச்சிலிருந்து டிசம்பருக்குள் ஏறக்குறைய பாதியானது. 2020இல் கொரோனா வந்தபோது ஒன்றரை மாதத்துக்குள் மறுபடி அதே அளவு சரிவு. 2022இல் உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே போனது. 2024 ஜூலையிலிருந்து 2025 ஏப்ரலுக்குள் மறுபடி பாதி. எட்டு வருடத்தில் நான்கு தடவை. இந்தப் பங்குகளைப் பார்த்து "விழும்" என்று சொல்வது ஐப்பசியில் மழை வரும் என்று சொல்வது மாதிரிதான், வருடத்தைச் சொல்லாமல் சொன்னால் ஒருநாள் பலித்தே தீரும். பலித்த மறுநாள் "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று ஒரு வீடியோ வரும். அதே நாலு சரிவுக்கு நடுவில் பங்கு பல மடங்கு ஏறியதற்கு வீடியோ வராது.

ஏன் இவை மட்டும் இப்படி ஆடுகின்றன என்பது புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஒரு ஊரில் 100 விசைத்தறி ஓடுகிறது என்று வையுங்கள். வேட்டிக்குத் தேவை இந்த வருடம் 10% கூடினால் புதிதாக 10 தறி வேண்டும். அடுத்த வருடம் தேவை 5% மட்டும் கூடினால் ஐந்தாறு தறி போதும். வேட்டி வியாபாரம் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் தறி செய்து விற்பவனுக்கு வியாபாரம் பாதியாகிவிட்டது. தேவை ஏறாமல் அப்படியே நின்றால் அவனுக்கு ஆர்டரே இல்லை. சிப் கம்பெனிக்கும் கருவிக் கம்பெனிக்கும் உள்ள உறவு இதுதான். சிப் விற்பனையில் சின்னத் தொய்வு வந்தாலே கருவி ஆர்டரில் பெரிய பள்ளம் விழும். அதிலும் மெமரி சிப் செய்பவர்கள் விலை சரிந்தவுடனே முதலில் கை வைப்பது புது இயந்திரச் செலவில்தான், அதனால் மெமரியை அதிகம் நம்பியிருக்கும் லாம் மற்றவர்களைவிட அதிகம் குலுங்கும்.

சரி, என் கதை. 2022 கடைசியில் நான் ஒரு மெமரி ஃபேபில் இருந்தேன். இயந்திரம் வரும் முன்னே, தூசி புகாத கிளீன்ரூம் தரையில் அதற்கான இடத்தை டேப் ஒட்டிக் குறித்துவிடுவார்கள், கீழே பீடம், வாயுக் குழாய், மின் இணைப்பு எல்லாம் தயாராகும். எங்களுக்கு அப்படிப் பல இடங்கள் தயாராக இருந்தன. இயந்திரங்களும் வந்துவிட்டன, ஆனால் கிடங்கிலிருந்து நகரவில்லை. ஒரு இயந்திரமே ஏகப்பட்ட மரப்பெட்டிகளாக வரும், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்ன அதிர்வு காட்டி ஒட்டியிருக்கும், வழியில் அடிபட்டிருந்தால் அது சிவப்பாகிவிடும். வாராவாரம் போய் அந்தச் சிவப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. நிறுவும் தேதி ஒரு மாதம் தள்ளியது, அப்புறம் இன்னொரு காலாண்டு, அப்புறம் தேதியே இல்லை. ஓவர்டைம் நின்றது. மிச்சமுள்ள லீவையெல்லாம் எடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள்.

இதைவிட நேரடித் தகவல் எந்த யூடியூபருக்குக் கிடைக்கும்? பெட்டியைத் தொட்டுப் பார்த்தவன் நான். 2023 ஜனவரியில், ஊழியர் திட்டத்தில் வாங்கிச் சேர்த்திருந்த பங்குகளை மொத்தமாக விற்றேன். அந்த ஒரே வருடத்தில் அமெரிக்க செமிகண்டக்டர் குறியீடு சுமார் 65% ஏறியது.

நான் பார்த்ததில் பொய் இல்லை. லாமின் கணக்கையே எடுத்துப் பாருங்கள், 2022இல் சுமார் 1,900 கோடி டாலராக இருந்த விற்பனை 2023இல் சுமார் 1,430 கோடிக்கு இறங்கியது, அதாவது கால் பங்கு போய்விட்டது. பங்கு அதே வருடம் 80 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2019இலும் இதுதான் நடந்தது, முந்தைய வருடத்தைவிட விற்பனை குறைவு, பங்கு இரண்டு மடங்கு. கிடங்கில் பெட்டி தூங்கப்போகிறது என்பதற்கான விலையைச் சந்தை 2022இலேயே கொடுத்து முடித்துவிட்டது. நான் 2023இல் பார்த்துக்கொண்டிருந்தது போன வருடத்துச் செய்தி.

உங்கள் யூடியூபரின் வீடியோவைப் பார்க்கும்போது இதைத்தான் கவனிக்கச் சொல்வேன். அவர் காட்டும் ஆதாரம் எந்தக் காலத்தது? "ஆர்டர் குறைகிறது, லாபம் குறைகிறது, அதனால் பங்கு விழும்" என்று அவர் சொன்னால், அந்த ஆர்டர் குறைவு ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டதா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) மலிவு, பி.இ. அதிகம் என்று பேசுவதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். இந்த மாதிரி சுழற்சிப் பங்குகளைப் பி.இ. குறைவாக இருக்கும்போது வாங்காதே, லாபம் உச்சத்தில் இருப்பதால்தான் அது குறைவாகத் தெரிகிறது என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. தர்க்கம் சரிதான். ஆனால் 2022 அக்டோபரில் லாமின் பி.இ. பத்துக்குப் பக்கத்தில் இருந்தது, வாய்ப்பாட்டை நம்பி ஒதுங்கியவர்கள் அருமையான விலையைத் தவறவிட்டார்கள்.

பெரிய இடத்து ஆட்களும் இதில் தப்புவதில்லை. அமெரிக்க முதலீட்டு வங்கி மார்கன் ஸ்டான்லி 2021 ஆகஸ்டில், மெமரிக்குக் குளிர்காலம் வருகிறது என்று ஒரு அறிக்கை போட்டது. போட்ட பிறகு, மெமரி சிப் செய்யும் மைக்ரானின் பங்கு இறங்கி, திரும்ப ஏறி, 2022 ஜனவரியில் இன்னும் உயரத்துக்குப் போனது. நம்பி விற்றவர்கள் பல்லைக் கடித்தார்கள். அதன் பிறகு 2022 முழுக்க நிஜமான குளிர்காலம் வந்தது. சொன்னது சரி, காலம்தான் முந்திவிட்டது. 2024 செப்டம்பரில் அதே கம்பெனி மறுபடி குளிர்காலம் என்றது. இந்தத் தடவை தென்கொரிய மெமரிக் கம்பெனி எஸ்கே ஹைனிக்ஸின் இலக்கு விலையை 2,60,000 கொரிய வானிலிருந்து ஒரேயடியாக 1,20,000 வானுக்கு இறக்கினார்கள். பங்கு ஒரே நாளில் 6 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் 1,20,000ஐ அது தொடவே இல்லை. 2025 முடியும்போது 6 லட்சம் வானைத் தாண்டி நின்றது. ஹைனிக்ஸ் கருவி செய்யும் கம்பெனி இல்லைதான், கருவி வாங்கும் கம்பெனி, ஆனால் அதன் குளிர்காலம்தான் லாமின் குளிர்காலம். அதே வார்த்தை, அதே ஆபீஸ், நிறையப் படித்த ஆட்கள், கம்பெனி மேலதிகாரிகளோடு நேரில் பேசும் வசதி. ஒரு தடவை சீக்கிரம், இன்னொரு தடவை மொத்தமாகத் தப்பு.

இன்னும் ஒரு படி மேலே போய், கருவி செய்யும் கம்பெனிகளே தங்களைப் பற்றிச் சரியாகச் சொல்வதில்லை. ஏஎஸ்எம்எல் 2024 முதல் பாதியில் விற்ற இயந்திரங்களில் மதிப்பில் பாதிக்கு நெருக்கமாகச் சீனாவுக்குப் போனது. அந்த அக்டோபரில், 2025இல் சீனாவின் பங்கு 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்று கம்பெனியே சொன்னது. 2025 முடிந்தபோது பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. ஆர்டர் புத்தகம் கையில் இருப்பவனுக்கே இந்த நிலை.

அந்த 2024 அக்டோபர் ஒரு தமாஷான மாதம். ஏஎஸ்எம்எல் காலாண்டு முடிவைத் தவறுதலாக ஒரு நாள் முன்னாலேயே, 15ஆம் தேதியே இணையத்தில் போட்டுவிட்டது. புது ஆர்டர் 260 கோடி யூரோ, சந்தை எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. பங்கு அன்றைக்கே 16% காலி. கதை முடிந்தது, இனி இறங்குமுகம்தான் என்று எல்லாத் திரையிலும் பேச்சு. அடுத்த ஜனவரி 27ஆம் தேதி டீப்சீக் என்ற சீன ஏஐ கிளப்பிய பயத்தில் ஏஐ சிப் கம்பெனியான என்விடியா ஒரே நாளில் 17% விழ, ஏஎஸ்எம்எல்லும் கூடவே சரிந்தது. இனி யாரும் இவ்வளவு சிப் வாங்க மாட்டார்கள் என்ற பேச்சு. இரண்டே நாளில் காலாண்டு முடிவு வந்தது, ஆர்டர் 710 கோடி யூரோ, அதாவது முந்தைய காலாண்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். மூன்று மாதத்தில் உலகம் அப்படி மாறிவிடவில்லை. மிக நுண்ணிய சிப் வடிவங்களை ஒளியால் பதிக்கும் ஒரு ஈயூவி இயந்திரம் 20 கோடி டாலர் அளவில் போகிறது, புதிய ஹை-என்ஏ வகை 35 கோடி யூரோ அளவு. விலை இப்படி இருக்கும்போது நாலு பெரிய வாடிக்கையாளர்கள் காலாண்டு முடிவதற்கு முன் கையெழுத்துப் போட்டார்களா, முடிந்த பிறகு போட்டார்களா என்பதிலேயே கணக்கு தலைகீழாகிவிடும். கடைசியில் கம்பெனியே வெறுத்துப்போய், 2026இலிருந்து காலாண்டுதோறும் ஆர்டர் எண்ணை வெளியிடுவதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த ஒரு எண்ணை வைத்து எத்தனை வீடியோ ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக அவர் சொல்வது எல்லாம் குப்பை என்று நான் சொல்ல வரவில்லை. பயப்பட நியாயமான காரணங்கள் உண்டு. நவீன சிப்புக்கான கருவிகளைப் பெரிய அளவில் வாங்குபவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: டிஎஸ்எம்சி, சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், இன்டெல். இவர்களில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் கையை மூடினால் எல்லாக் கருவிக் கம்பெனிக்கும் வலிக்கும். இன்டெல் ஜெர்மனியின் மாக்டபர்க்கில் கட்டவிருந்த ஃபேபை 2024இல் தள்ளிப்போட்டு, 2025இல் கைவிட்டே விட்டது. சீனா அடுத்த தலைவலி. 2022 அக்டோபரில் அமெரிக்கா கட்டுப்பாடு கொண்டுவந்ததிலிருந்து, இன்னும் இறுகுவதற்கு முன் வாங்கிக் குவித்துவிடலாம் என்று சீன ஃபேப்கள் பழைய ரக இயந்திரங்களை அள்ளின. அந்தக் கூடுதல் விற்பனை என்றைக்கும் நீடிக்காது, கூடவே நவுரா, ஏமெக் மாதிரி உள்ளூர்க் கம்பெனிகளும் வளர்கின்றன. இப்போதைய ஓட்டமோ ஏஐ டேட்டா சென்டர் செலவை நம்பியிருக்கிறது. டிஎஸ்எம்சி 2023இல் சுமார் 3,000 கோடி டாலர் மூலதனச் செலவு செய்தது, 2025இல் அது 4,000 கோடியைத் தாண்டியது, 2026க்கு 5,200 முதல் 5,600 கோடி என்று அந்த வருடத் தொடக்கத்தில் சொன்னது. இந்தத் தொகை ஒரு வருடம் ஏறாமல் நின்றாலே தறி செய்பவன் கதைதான்.

ஆக அவர் சொல்லும் 40% நடக்கக்கூடியதே. நான் கேட்பது, அவர் அதைச் சொல்லும் விதத்தை வைத்து நீங்கள் ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான். எந்த மாதத்துக்குள்? எதனால்? டிஎஸ்எம்சி செலவைக் குறைக்கும் என்பதாலா, சீனா வாங்குவதை நிறுத்தும் என்பதாலா, சந்தை முழுக்க விழும் என்பதாலா? என்ன நடந்தால் "நான் சொன்னது தப்பு" என்று ஒத்துக்கொள்வார்? நீங்கள் அனுப்பிய மூன்று வீடியோவையும் பார்த்தேன், இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. சார்ட்டில் ஒரு கோடு, அதன் மேல் ஒரு அம்புக்குறி, கடைசியில் கட்டணக் குழுவில் சேரச் சொல்லி ஒரு அழைப்பு.

இன்னொன்று, இந்த எல்லாக் கம்பெனியையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார். லாம் மெமரியோடு குலுங்கும் என்று மேலே சொன்னேன். கேஎல்ஏ செய்வது சோதனைக் கருவி, ஃபேபில் புது நுட்பம் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அது தேவை, அதனால் ஆட்டம் கொஞ்சம் குறைவு. ஈயூவியில் ஏஎஸ்எம்எல்லுக்குப் போட்டியே கிடையாது, ஆர்டர் தள்ளிப்போகலாம், வேறு கடைக்குப் போகாது. அப்ளைடு பல்பொருள் அங்காடி மாதிரி, எல்லாவற்றிலும் கொஞ்சம். அப்புறம் நிறையப் பேர் மறப்பது பராமரிப்பு வருமானம். ஏற்கெனவே ஃபேபில் நிற்கும் இயந்திரத்துக்கு உதிரிபாகம், மேம்பாடு, எங்களை மாதிரி ஆட்களின் கூலி, இது புது ஆர்டர் நின்றாலும் வரும். ஏஎஸ்எம்எல்லின் 2024 விற்பனை 2,830 கோடி யூரோவில் 650 கோடி இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பெட்டி கிடங்கில் தூங்கிய மாதங்களிலும் எனக்குச் சம்பளம் வந்தது இதனால்தான்.

இனி "விற்றுவிட்டு அடியில் வாங்கலாம்" என்பதற்கு வருகிறேன். இதற்கு இரண்டு தடவை சரியாக இருக்க வேண்டும், இரண்டாவது தடவைதான் கஷ்டம். 2024 ஜூலையில் ஏஎஸ்எம்எல் ஆம்ஸ்டர்டாமில் ஆயிரம் யூரோவைத் தாண்டியபோது விற்றவர் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் அது கிட்டத்தட்ட பாதிக்கு வந்தது. அன்றைக்கு வாங்கச் சொல்லி யார் இருந்தார்கள்? இறக்குமதி வரிப் பயத்தில் சந்தை நாள்தோறும் சரிந்துகொண்டிருந்தது, இன்னும் 30% இருக்கிறது என்பதுதான் பொதுவான பேச்சு. ஏப்ரல் 9ஆம் தேதி டிரம்ப் வரியைத் தள்ளிவைத்தார். செமிகண்டக்டர் குறியீடு அந்த ஒரே நாளில் 18 சதவீதத்துக்கு மேல் குதித்தது. உச்சத்தில் விற்று ஒன்பது மாதம் பொறுமையாக இருந்தவரும், அன்றைக்கு வெளியே நின்றிருந்தால் தன் கெட்டிக்காரத்தனத்தில் நல்ல பங்கை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்திருப்பார். 2026 தொடக்கத்தில் அதே பங்கு மறுபடி ஆயிரத்துக்கு மேல்.

விழும் என்று அவ்வளவு நம்பிக்கையாக இருந்தால் இறக்கத்தில் காசு தரும் மூன்று மடங்கு தலைகீழ் இடிஎஃப் (பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் நிதி) வாங்கலாமே என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். அது தினசரி மாற்றத்தை மட்டும்தான் தலைகீழாக மூன்று மடங்காக்கும். குறியீடு 100இலிருந்து 90க்கு வந்தால் உங்கள் 100 ரூபாய் 130 ஆகும், சந்தோஷம். மறுநாள் குறியீடு 90இலிருந்து 100க்கே திரும்பினால் அது 11.1% ஏற்றம், உங்களுக்கு 33.3% அடி, 130 சுமார் 87 ஆகிவிடும். குறியீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது, உங்கள் காசில் 13 ரூபாய் போய்விட்டது. இப்படித் தினம் ஆடும் துறையில் இதைச் சில மாதம் வைத்திருந்தால், கணிப்பு சரியாக இருந்துமே நஷ்டப்படலாம்.

சரி, பேசுபவர் சொல்வதற்கு நேர் எதிராகச் செய்தால் லாபம் வருமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் டிவியில் பங்கு பற்றிப் பேசும் ஜிம் கிரேமர் சொல்வதற்கு எதிராகப் பந்தயம் கட்டவே 2023 மார்ச்சில் ஒரு இடிஎஃப் தொடங்கினார்கள். ஒரு வருடம் ஆவதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். மகளின் கல்லூரிப் பணம் எவ்வளவோ அதை விற்று எடுத்துவிடுவேன், அதுவும் முதலில் லாமிலிருந்து. அந்த யூடியூபர் சொன்னதற்காக இல்லை. அவர் நாளைக்கு "இரண்டு மடங்கு ஏறும்" என்று மாற்றிச் சொன்னாலும் எடுப்பேன். எட்டு வருடத்தில் நாலு தடவை பாதியாகும் ஒரு பொருளில் இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணத்தை வைக்கக் கூடாது. மிச்சத்தில், பாதியானாலும் ராத்திரி தூக்கம் கெடாத அளவு எவ்வளவோ அதை மட்டும் வைத்துக்கொள்வேன். சேமிப்பில் பாதி என்பது அந்த அளவு இல்லை என்பதை நீங்கள் கேள்வி எழுதிய நேரமே சொல்லிவிட்டது, விடிகாலை மூன்றரை மணி.

மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள வீடியோ தேவையில்லை. டிஎஸ்எம்சி காலாண்டு முடிவு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் நடுவில் வரும். அதில் அந்த வருட மூலதனச் செலவுக் கணிப்பு ஏறியதா, இறங்கியதா, அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். மைக்ரானும் ஹைனிக்ஸும் தங்கள் செலவு பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். வருடத்துக்கு நாலு தடவை, மொத்தமாக அரை நாள் வேலை. இவர்கள் சொல்வதும் தப்பலாம், ஆனால் இயந்திரத்துக்குக் காசு கொடுக்கப்போவது அவர்கள்தான்.

அப்புறம் நேரம் இருந்தால் அந்த யூடியூபரின் பழைய பட்டியலில் 2025 ஏப்ரல் முதல் வாரத்து வீடியோவைத் தேடிப் பாருங்கள். நானும் தேடினேன், மார்ச் கடைசி இருக்கிறது, மே இருக்கிறது, நடுவில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.